கூத்தையா முடவாட்டுக்கால் மீட்ட படலம்

இருபத்திரண்டு தீர்த்தக் கிணறுகளின் சுவர்மீதும் கால் பரப்பி நின்று, கயிற்றுவாளியால் நீர்மொண்டு, பாவம் சுமந்து வந்தோர் தலையில் கவிழ்த்தருளும் மாவீரன், இராமேஸ்வரத்து வாளிவேந்தன் கூத்தையா வாழ்க! அவனது வலமுழங்கால் வாழ்க! இடமுழங்காலைப் பற்றி இப்போதைக்குச் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

நாடு விடுதலை பெற்ற ஒன்பதாம் ஆண்டு, ஆடி அமாவாசைக்கு முந்தின நாள், அந்த இடமுழங்கால் மடங்க மறுத்தது. விடிந்தால் கூட்டம் அலைமோதும். கிணற்றுச்சுவரில் ஏற முடியாதவன் வாளியை மச்சினன் தனுஷ்கோடியிடம் கொடுத்துவிட வேண்டியதுதான். அதை நினைத்தபோது மாவீரனுக்கு உண்மையிலேயே அழுகை வந்தது.

ஆனால் முற்றத்தில் கிடந்ததே அருமருந்து! மண்ணைத் தீண்டாது பாறையையும் மரத்தையும் பற்றிப் படரும் பெரணியின் கிழங்கு. முடவாட்டுக்கால் எனும் திருநாமம் உடையது. செம்பழுப்பு ரோமம் போர்த்து, வெட்டிவைத்த ஆட்டுக்கால் போலவே இருப்பது. சூப்பு வைத்துக் குடித்தால் முடவனும் ஓடுவான் என்று சத்தியம் செய்து, கொல்லிமலை யாத்திரிகர் ஒருவர் கொடுத்துப் போயிருந்தார். மனைவி முத்தழகு மிளகு தட்ட உள்ளே போனாள்.

போனதுதான் தாமதம். ஆடி மாதம் முழுக்க எலும்பின் முகமே காணாத தெருவேந்தன், ஒற்றைக்காதுக் கருநாய், பாய்ந்து கிழங்கைக் கவ்விச் சென்றது.

"அய்யோ, காலைத் தூக்கிட்டுப் போகுதே!" என்று முத்தழகின் குரல் போர்முரசாய் முழங்க, புழுதி விண்ணை மறைக்க, அவிழ்ந்த வேட்டி வெற்றிக்கொடியெனப் பறக்க, சங்குமாலைக் கடைகள் கிடுகிடுக்க, இரண்டு வேலிகளையும் படுத்திருந்த ஒரு பசுவையும் தாவிக் கடந்து விரைந்த வாளிவேந்தன், எண்திசையும் நடுங்கப் பிரகடனம் செய்தான்:

"ஏலே, அது ஆடு இல்லலே! செடிலே! கீழ போடுலே!"

நாய் நம்பவில்லை. கடற்கரை மணலில் நின்று கடித்துப் பார்த்தது. பிறகு, ஏமாற்றப்பட்ட முகத்தோடு துப்பிவிட்டு நடந்தது.

ரோமக்காலை உயர்த்திப் பிடித்து நகர்புகுந்த வீரனைக் கண்டு, பூக்காரி பாண்டியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்: "நாளைக்கு அமாவாசைய வச்சிக்கிட்டு ஆட்டுக்காலோட வாரியே, நீ வெளங்குவியா?"

வாசலில் நின்ற முத்தழகோ வேறொன்று கேட்டாள்: "இந்த ஓட்டம் ஓடுற காலுக்கு எதுக்குச் சூப்புங்கிறேன்?"

அப்போதுதான் அவன் குனிந்து தன் இடமுழங்காலைப் பார்த்தான். சூப்பை இன்னும் குடிக்கவே இல்லை, கிழங்கைக் கையால் தொட்டதற்கே இத்தனை மகிமையா! குவளை குவளையாய்ச் சூப்பு அருந்தி, நாளைய கிணறுகள் இருபத்திரண்டையும் கனவிலேயே வென்று, வாளியை அணைத்தபடி துயில்கொண்டான் வேந்தன்.

காலையில் வலது முழங்காலும் பிடித்துக்கொண்டதால், மச்சினன் வந்து வாளியை எடுத்துக்கொண்டு போனான்.