கைப்பற்றப்பட்ட அட்டை: ஒன்று

தலைச்சோலை எஸ்டேட் ஸ்டோரிலிருந்து இரண்டு மூட்டை மிளகு காணாமல் போனது. காவல்காரர் கருப்பண்ணன் மேல் சந்தேகம். வழக்கு தீரும்வரை எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார் மேனேஜர். மனைவி அம்மணியோடும் சட்டிபானையோடும் அவர் மாட்டுக்கொட்டகையில் குடியேறினார்.

இன்ஸ்பெக்டர் தேவசிகாமணி அறிவியல் புலனாய்வுப் பயிற்சியில் மூன்று நாள் உட்கார்ந்து, சான்றிதழோடு அப்போதுதான் திரும்பியிருந்தார். முன்பெல்லாம் நாலு அடியில் முடிகிற விசாரணை. இப்போது கையுறை மாட்டிக்கொண்டு, மழையில் ஸ்டோரை ஒரு மணி நேரம் சுற்றிவந்தார். வாசற்படியில் ரத்தம் குடித்து உப்பிய அட்டை ஒன்று கிடந்தது.

"திருடனோட ரத்தம் இதுக்குள்ளதான் இருக்கு" என்றார்.

"ஏனுங்க, அது இப்பத்தான் உங்க பேண்டுக்குள்ள இருந்து விழுந்துச்சுங்க" என்றார் கருப்பண்ணன்.

"நீ பயிற்சிக்குப் போயிருக்கியா?"

"இல்லீங்க."

"அப்புறம்?"

அட்டை முறைப்படி கைப்பற்றப்பட்டு, பாட்டிலில் அடைக்கப்பட்டு, சீல் வைக்கப்பட்டது. மகஜரில் 'கறுப்பு நிறம், உயிருடன், ஒன்று' என்று எழுதினார்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க ஊரார் ரத்தமும் வேண்டுமாம். முன்மாதிரியாக இன்ஸ்பெக்டரே முதலில் கையை நீட்டினார். பிறகு சுற்றுப்பட்டு ஊர்களான வாழவந்தி, வெள்ளக்கடை ஜனமெல்லாம் வரிசை கட்டியது. ரத்தம் கொடுக்காத வீட்டில் பெண் எடுக்கவே யோசித்தார்கள். பக்கத்து லைன் மாரியம்மாள் ரத்தம் எடுத்த நர்ஸிடம், "அப்படியே சக்கரையும் பாத்துரு கண்ணு" என்றாள். அவளுக்குப் பின்னால் நின்றவர்களும் அதையே சொன்னார்கள்.

ஏழு மாதம் கழித்து ஆய்வக அறிக்கை வந்தது. அட்டைக்குள் இருந்தது இன்ஸ்பெக்டரின் ரத்தம்.

தேவசிகாமணி அதை இரண்டு முறை படித்தார். பிறகு, 'அட்டை பிறழ்சாட்சியாகிவிட்டபடியால் வழக்கு நிலுவையில் வைக்கப்படுகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"அப்ப நாங்க ஊட்டுக்குப் போலாமுங்களா?" என்று கேட்டார் கருப்பண்ணன்.

"நிலுவைன்னா தீரலைன்னு அர்த்தம். அதுவும் தினமும் அங்கயே நிக்கிற உன்னை விட்டுட்டு அட்டை என்னைக் கடிச்சிருக்கு. ஏன்னு விளக்கம் எழுதிக் குடு."

கருப்பண்ணன் வெளியே வந்தார். ஸ்டேஷன் வாசலில் ஊரே திரண்டிருந்தது. தனக்காகத்தான் நியாயம் கேட்க வந்திருக்கிறார்கள் என்று அவருக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. மாரியம்மாள்தான் முன்னால் நின்றாள்.

"இதென்னுங்க அக்கிரமம்?" என்றாள் பின்னாலேயே வந்த இன்ஸ்பெக்டரைப் பார்த்து. "ஏழு மாசம் காத்திருந்தோம். ஒருத்தருக்குக்கூட சக்கரை எவ்வளவுன்னு எழுதலையே."