இசட் கவுண்டர் பூ கேட்ட கதை

“…அதெல்லாம் கெடக்கட்டுமுங்க டாக்டரய்யா. அந்த இன்புளூயன்சாவுல இசட் வருதுங்களா, அதை மொதல்ல சொல்லுங்க!”

வரும் என்றார் டாக்டர். அவ்வளவுதான், போர்வையை உதறிவிட்டு எழுந்து உட்கார்ந்துவிட்டார் மனிதர். வந்த காய்ச்சலுக்கு நன்றி சொன்ன ஒரே ஆள் இந்தச் சேலம் ஜில்லாவில் எங்கள் இசட் கவுண்டர்தான் என்று எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அணைப்பேன்.

யுத்தத்துக்கு முந்திய காலம். அஸ்தம்பட்டியில் அவரும் நானும் ஒரே அறையில் வாடகைக்கு இருந்தோம். பெயருக்கு அவர் பஞ்சு மண்டியில் குமாஸ்தா. உண்மையான உத்தியோகம், மதராஸிலிருந்து வரும் ஒரு இங்கிலீஷ் வாரப் பத்திரிகையின் வார்த்தைப் போட்டி. எக்ஸ், க்யூ, இசட் என்று லேசில் அகப்படாத எழுத்து ஒன்றைக் கலந்து, நாலைந்து எழுத்துகளும் ஒரு குறிப்பும் கொடுப்பார்கள். அந்த எழுத்துகள் அடங்கிய வார்த்தையைக் கண்டுபிடித்து அனுப்ப வேண்டும். முதல் பரிசு கிராமபோன்.

அகராதியை மட்டும் தொடமாட்டார். “அது பட்டியில அடைச்ச ஆடுங்க. வெளியில மேயறதைப் புடிக்கோணும், அதுதான் வேட்டை” என்பார். அதனால் உட்காரவே மாட்டார். சோப்புக் காகிதம், டானிக் புட்டி, ரயில் பெட்டியின் எச்சரிக்கை என்று கண்ணில் பட்ட இங்கிலீஷையெல்லாம் படித்தபடி நடந்துகொண்டே இருப்பார். சாப்பிட உட்கார்ந்தாலும் ஒரு கால் ஆடிக்கொண்டிருக்கும்.

ஒருநாள் மாதாகோயில் கல்லறைத் தோட்டத்தில் ஒரு கல்லுக்கு முன்னால் மண்டியிட்டிருந்தார். அந்தப் பக்கமாக மெழுகுவர்த்தியோடு வந்த அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“எங்க வீட்டுக்காரரோட பழக்கமுங்களா ஐயா?”

“இல்லீங்கம்மா. ஆனா சேவியர்னு பேருலயே எக்ஸ் வெச்சிருக்கறாரு பாருங்க, லேசுப்பட்ட மனுசரா!”

இப்படிப்பட்டவருக்கு யார் பெண் கொடுப்பார்கள்? நாமக்கல் பக்கம் ஒரு வீட்டில், பெண் காபி கொண்டுவரும்போது இவர் அவளுக்குப் பின்னால் தொங்கிய காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தார். “புள்ளையப் பாத்தீங்களா?” என்று கேட்டதற்கு, “பாத்தனுங்க. ஒரு க்யூகூட இல்லீங்க” என்றார். அத்தோடு அந்த வீட்டுக் கதவு சாத்தியாயிற்று. “அடுத்த எடமும் கெட்டுதுன்னா, இனி உனக்குப் பொண்ணு தேடறதை உட்டர்றோம்” என்று அவருடைய அண்ணன் ஊரிலிருந்து சொல்லியனுப்பினார்.

அடுத்த இடம் ராசிபுரம். நெய் வியாபாரி வீடு. துணைக்கு நான். போட்டிக்கு அன்றுதான் கடைசி நாள். சாயங்கால பஸ்ஸில் தபால் ஏறியாக வேண்டும். உறை சட்டைப்பையில் இருக்கிறது, ஒரே ஒரு வார்த்தை பாக்கி.

வீட்டுக்குள் நுழைந்ததும் நான் அவர் கையை எட்டிப் பிடித்துக்கொண்டேன். சுவரோரம் ஆளுயரத்துக்கு டின்கள், அத்தனையிலும் இங்கிலீஷ். நல்லவேளையாகப் பெண் வந்தாள். “ஏனுங்க, சக்கரை போதுங்களா?” என்று அவளே கேட்டாள். கவுண்டர் டின் பக்கம் திரும்பவே இல்லை. ஆடிக்கொண்டிருந்த கால் நின்றுபோயிற்று. ‘அப்பாடா’ என்று நான் மூச்சுவிட்டேன்.

அவசரப்பட்டுவிட்டேன். “கொஞ்சம் காலாற நடந்துட்டு வாரனுங்க” என்று கிளம்பியவர் நேராக மாரியம்மன் கோயிலுக்கு ஓடினார். நான் பின்னால் ஓடினேன். குறிப்பு, ‘கடைக்குப் போகிறவர் விரும்புவது’. எக்ஸாக்ட் என்று சரியான அளவைப் போடுவதா, எக்ஸ்ட்ரா என்று கொசுறைப் போடுவதா? இரண்டிலும் கொடுத்த எழுத்துகள் அடங்குகின்றன.

எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேசுமுன் சாமியிடம் பூ கேட்பார்கள். வெள்ளை அரளியையும் சிவப்பு அரளியையும் தனித்தனியே இலையில் மடித்து அம்மன் காலடியில் வைக்க, பூசாரி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் உத்தரவு. இவர் கொசுறுக்கு உத்தரவு கேட்டுவிட்டார்! பூசாரி பிரித்தார். வெள்ளை.

“ஆத்தா குடுத்துட்டாளுங்க!” என்று குதித்தவரை, பெண்ணின் தாய்மாமன் பின்னாலிருந்து கட்டிக்கொண்டார். விளக்குக்கு நெய் கொண்டுவந்திருந்தார் அவர்.

“ரொம்ப சந்தோசமுங்க மாப்பிள்ளை! எங்க அம்முணிக்கு நல்ல நேரம் வந்துருச்சு!”

வாயைத் திறக்காதே என்று நான் இடுப்பில் கிள்ளினேன். பொய் சொல்லத் தெரியாத ஜன்மம். “இது அம்முணிக்குக் கேட்டதில்லீங்க மாமா. எக்ஸ்ட்ராவுக்குங்க.”

“எக்ஸ்ட்ராவா? அது எந்த ஊருப் பொண்ணுங்க?”

விளக்கிச் சொன்னோம். மாமன் முகம் சிவந்தது. “வெளையாட்டுக்கெல்லாம் பூ கேப்பீங்க, எங்க புள்ளைக்குக் கேக்க மாட்டீங்களா? பூசாரி, மறுக்கா வெய்யி!”

கோயிலுக்கு வெளியே சேலம் பஸ் ஹாரன் அடித்தது. நான் உறைக்குக் கை நீட்டினேன். கவுண்டர் காதில் எதுவும் ஏறவில்லை. பூசாரியின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிரித்தார் பூசாரி. சிவப்பு.

மாமன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “நம்ம கையில என்னங்க இருக்குது. பஸ்ஸு நிக்குது, போயிட்டு வாங்க.”

கவுண்டர் குனிந்தார். பூசாரி தொடாமல் விட்ட இன்னொரு மடிப்பை எடுத்து, தானே பிரித்தார். “ஏனுங்க மாமா, இதுவும் ஆத்தா காலடியிலதானுங்களே இருந்துச்சு?” என்றார்.

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பஸ் ஒரு பக்கம் போக, நெய்க்காரர் வீட்டுப் பக்கம் நடந்தார் அந்தப் புண்ணியவான், உள்ளங்கையில் வெள்ளை அரளியை வைத்து, காற்று கொண்டுபோய்விடாமல் மறுகையால் மூடிக்கொண்டு.