மருதையாற்றில் கிடைத்த கலசம்

மீன்சுருட்டி சம்பந்தி ராசாங்கம் அவர்கள் சமூகத்துக்கு,

அரியலூரிலிருந்து இளையபெருமாள் பணிவுடன் எழுதுவது. இங்கே நான், மனைவி கலியம்மாள், மகள் நர்மதா மூவரும் உயிரோடு இருக்கிறோம். அங்கும் எல்லாரும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை, அதனால் கடிதம்.

நிச்சயதார்த்தத்துக்குச் சொந்த வேனில் வந்த உங்களைத் தெருமுனையில் போலீஸ் மறித்ததும், "பொண்ணு வூட்டுல குண்டு இருக்காம்" என்று யாரோ கத்தியதும், சம்பந்தியம்மா மயங்கிச் சரிந்ததும், நீங்கள் வேனைத் திருப்பிக்கொண்டு போனதும் நியாயம்தான். ஆனால் நடந்தது இதுதான். முந்தின நாள், காணாமல் போன ஆட்டைத் தேடி மருதையாற்று மணலில் நடந்தபோது காலில் ஏதோ இடித்தது. தோண்டினால் முழங்கை நீளத்தில் இரும்பு. ஒரு முனை கூர், மறுமுனையில் இறக்கை மாதிரி நாலு தகடு. வெள்ளத்தில் அடித்து வந்த கோயில் கலசம் என்றே நினைத்தேன். கலியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டு, அதைப் புளி போட்டுத் தேய்த்து, குங்குமம் வைத்து, தாம்பாளத்தில் நிறுத்தி, "நல்ல காரியம் நடக்கற நேரத்துல ஆத்தா வூடு தேடி வந்துட்டா" என்று சூடம் காட்டினாள்.

நிச்சயத்தன்று காலை நர்மதா அதைப் படம் எடுத்து, எந்தக் காலத்துக் கலசம் என்று கேட்டுத் தன் கல்லூரி ஆசிரியருக்கு அனுப்பினாள். அடுத்த நிமிஷம் போன் வந்தது. "யம்மா, அது கலசம் இல்ல, பழைய ராணுவக் குண்டு மாதிரி இருக்கு. தொடாதீங்க, எல்லாரும் வெளிய ஓடுங்க!" நான் ஒரு பக்கமும் வேட்டி ஒரு பக்கமுமாக ஓடினேன். போலீஸ் தெருவையே காலி செய்தது. திருச்சியிலிருந்து நிபுணர்கள் வந்து, கவசம் மாட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். ஒரு மணி நேரம் கழித்து அதிகாரி அம்மா தலைக்கவசத்தைக் கழற்றியபடி வந்து, "பெரியவரே, தாம்பாளத்துல இருக்கறது கெணத்து மோட்டார் குழாய்க்கு அடியில மாட்டற ஃபுட்வால்வுங்க. இதுக்கா சூடம் காட்டினீங்க?" என்றார். தெருவே சிரித்தது. ஃபுட்வால்வுக்கு ஏது இறக்கை என்று எனக்கும் புரியவில்லை. படித்தவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

ஆகவே எங்கள் வீட்டில் குண்டு இல்லை, சம்பந்தி. நர்மதா மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. மாப்பிள்ளை ஜெயசீலனும் அங்கே அப்படித்தான் என்று கேள்வி. பெரிய மனது வைத்து வேறு நாள் குறித்துச் சொல்லுங்கள். பிள்ளைகள் இருவரும் நூறாண்டு வாழட்டும். சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கம்.

இப்படிக்கு,
இளையபெருமாள்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகையில் கலியம்மாள் அழுதுகொண்டே வந்தாள். "போலீசு ஆத்தாளத் தூக்கிட்டுப் போயிருவாங்கன்னு, கொல்லையில கெடந்த ஃபுட்வால்வத் தாம்பாளத்துல வச்சிட்டேங்க" என்றாள். "அப்ப ஆத்தா எங்கடி?" என்றேன். "மாப்ள வூட்டுலயாவது பத்திரமா இருக்கட்டும்னு, சம்பந்தியம்மா மயங்கின நேரத்துல பட்டுத்துணியில சுத்தி வேன் சீட்டுக்கு அடியில வச்சிட்டேன்." சம்பந்தி, வேனைக் கிளப்பாதீர்கள். கதவைக்கூடச் சாத்தாதீர்கள். இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை. இதை உங்கள் கையில் கொடுத்தவர் தலைக்கவசம் போட்டிருப்பார். அவர் சொல்கிறபடி எல்லாரும் மெதுவாக நடந்து வெளியே வந்துவிடுங்கள்.