ஃப்ராவ் கெர்பரின் நிலவறையில் நான் இறுக்கிய அரைச் சுற்று

எனக்கொரு வியாதி உண்டு. இறுகியிருக்கிற எதையும் இன்னும் கொஞ்சம் இறுக்காவிட்டால் கை சும்மா இராது. தண்ணீர்க் குழாய், சைக்கிள் நட்டு, ஊறுகாய்ப் போத்தல் மூடி, ஒன்றும் தப்பாது. (பிறகு அந்தப் போத்தலை ஆராலும் திறக்கேலாது, அது வேறை கதை.)

தொண்ணூறுகளின் நடுவில், சுவிஸில் பீல் என்ற நகரத்தில் ஒரு மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்தேன். மனைவி சாந்தி யாழ்ப்பாணத்தில். அவளைக் கூப்பிட விண்ணப்பம் போட்டிருந்தேன். வேலையிடத்திலிருந்து ஒரு நற்சான்றுக் கடிதம் இருந்தால் நல்லது என்றார்கள். எழுத வேண்டியவர் எங்கள் பகுதிப் பொறுப்பாளர் ஃப்ராவ் கெர்பர், அதாவது திருமதி கெர்பர். ஆகவே அவர் ஒருநாள், "உமக்கு மெஷின் வேலை தெரியுமோ?" என்று கேட்டபோது, கேள்வி முடிய முதலே "ஓம்" என்றேன். (தெரிஞ்சது சைக்கிளுக்குக் காத்தடிக்க மட்டும்தான்.)

ஃப்ராவ் கெர்பர் கைத்துப்பாக்கி சுடும் கழகக்காரி. தோட்டாக்களையும் வீட்டிலேயே செய்வார். ஞாயிற்றுக்கிழமை போட்டி, இடது பெருவிரலிலோ பெரிய கட்டு. உதவிக்கு நான். வெடிச்சத்தத்துக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடிவந்தவன், சனிக்கிழமை காலமை பீலில் ஒரு நிலவறைக்குள் குந்தியிருந்து தோட்டா பூட்டினேன். அம்மா கேள்விப்பட்டிருந்தால் மயங்கி விழுந்திருப்பா.

வேலை சுலபம். வெடிமருந்து நிரப்பிய கோதை, அதுதான் தோட்டாவின் பித்தளை உறையை, மெஷினில் வைத்து, அதன் வாயில் ஈயக் குண்டை நிறுத்தி, பிடியை இழுக்க வேண்டும். மேலேயிருக்கும் அச்சு குண்டைக் கோதுக்குள் இறக்கி, வாயையும் மெல்ல நெரித்துவிடும். எவ்வளவு இறக்குவது, எவ்வளவு நெரிப்பது என்று அவரே ஒரு மணித்தியாலம் மினக்கெட்டு அச்சைச் சரிசெய்து வைத்திருந்தார்.

"அச்சிலை மட்டும் கை வையாதையும்" என்றுவிட்டு மேலே போனார். போன இடத்தில் தொலைபேசி வந்துவிட்டது.

முதல் தோட்டாவைப் பார்த்தேன். எனக்கென்னவோ லூசாகப் பட்டது. பிறகென்ன? பூட்டு வளையத்தைத் தளர்த்தி, அச்சை அரைச் சுற்றுக் கீழே இறக்கினேன். ஆகா, இப்பதானே பிடிச்சிருக்கு! நூறையும் அமத்தி முடித்து, தட்டில் மோதகம் அடுக்கின மாதிரி அடுக்கி வைத்தேன்.

அவர் கோப்பியோடு வந்தார். துப்பாக்கியிலிருந்து கழற்றி வைத்திருந்த குழலுக்குள் ஒரு தோட்டாவைப் போட்டுப் பார்த்தார். டொக்கென்று விழ வேண்டியது பாதியில் சிக்கி நின்றது. இன்னொன்று. அதுவும் அப்படியே. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் நெரிப்புக் கூடினதில் எல்லாக் கோதுக்கும் வாய்க்குக் கீழே தொப்பை மாதிரிச் சின்ன வண்டி வைத்திருந்தது.

அவர் அப்படியே கதிரையில் இருந்துவிட்டார்.

"நான்தான் அச்சைப் பிழையா வைச்சுப்போட்டன். கண்ணும் முந்தின மாதிரி இல்லை. நாளைக்குப் போகேல்லை. இதை இனி விட்டிடவேணும்."

தொழிற்சாலையையே நடுங்க வைக்கிற மனுசி, கண் கலங்கியிருந்தார். (வாயைத் திறந்தால் கடிதம் போச்சு. கடிதம் போனால் சாந்தி?)

"நான்தான் இறுக்கினனான்" என்றேன். "அரைச் சுற்று."

"ஏன்?"

"லூசா இருக்கிற மாதிரிக் கிடந்தது."

"மெஷின் வேலை எங்கை படிச்சனீர்?"

"படிக்கேல்லை. சைக்கிளுக்குக் காத்தடிப்பன்."

பத்து நிமிசம் சுவிஸ் ஜெர்மனில் ஏச்சு. கழுதை என்ற சொல் மட்டும் விளங்கியது. ஆனால் மனுசியின் முகத்தில் இரத்தம் திரும்பி வந்திருந்தது. பிறகு, தட்டிக் குண்டைக் கழற்றுகிற ஒரு சுத்தியலை என் கையில் தந்து, "நூறையும் கழட்டும்" என்றார். பின்னேரம் வரைக்கும் தட்டினேன். அவர் அச்சைத் திரும்பச் சரிசெய்து பக்கத்திலேயே நிற்க, இரவு புதுக் கோதுகளில் நூறையும் பூட்டினேன். அடுத்த நாள் அவர் போட்டிக்குப் போய் ஏழாவதாக வந்தார்.

கடிதமும் தந்தார், ஒட்டிய உறையில். உள்ளே என்ன எழுதியிருக்கென்று தெரியாமலே விண்ணப்பம் போட்ட கந்தோரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அடுத்த வருசம் சாந்தி வந்துவிட்டாள். அவள் ஜெர்மன் படித்த பிறகு ஃப்ராவ் கெர்பரிடம் கடிதத்தின் பிரதியைக் கேட்டு வாங்கி, வீட்டு விறாந்தையில் நின்று சத்தமாக வாசித்தாள்: "தனக்கு நட்டம் வந்தாலும் இவர் உண்மை சொல்வார். இவரை நம்பி மனைவியை அனுப்பலாம். ஸ்க்ரூ ட்றைவரை நம்பிக் கொடுக்க இயலாது."

போன மாதம் மகள் வீட்டில் ஒரு புது அலுமாரியைப் பலகை பலகையாகப் பொருத்திப் பூட்டினோம். விசயம் தெரியாத மருமகன், "மாமா, இதை ஒருக்கா இறுக்கிவிடுங்கோ" என்று ஸ்க்ரூ ட்றைவரை நீட்டினார்.

சாந்தி குசினியிலிருந்து ஓடி வந்தாள்.

"தம்பி, அவரிட்டை என்னவும் கேளும், உண்மை சொல்லுவார். அதை மட்டும் குடுத்திடாதையும்!"