மைக் வேண்டாம் என்பவர்

ஆம்பூரில் புத்தகக் கடை வைத்திருக்கும் ஜீவாவுக்கு வருஷக்கணக்காக நெஞ்சில் ஒரு குறை. புத்தகம் விற்காத குறை இல்லை. அது எல்லாப் புத்தகக் கடைக்காரனுக்கும் பழகிப்போன வியாதி. இவன் குறை வேறு. ஷூ சோல் கடைக்கு மேல்மாடியில், ஒரு காலத்தில் லைனிங் தோல் அடுக்கி வைத்திருந்த அறையில், மாதம் ஒரு ஞாயிறு எழுத்தாளர் ஒருவரைக் கூட்டிவந்து உட்காரவைக்கிறான். வாசலில் கரும்பலகை. அதில் வரப்போகிறவர் பெயர், சாக்பீஸில், கொட்டை எழுத்தில். எழுத்தாளர்களும் வாசகர்களைப் பார்க்கத்தான் ஆம்பூர் வருவதாகச் சொல்கிறார்கள். நம்புவோம். பிரியாணியும் கிடைக்கிறது. ஆனால் வந்தவர்களில் ஒருவராவது தான் எழுதியதைத் தன் வாயால் முழுசாகப் படித்துக் காட்டிவிட்டுப் போயிருக்கிறாரா? இல்லை. அதுதான் குறை.

காரணம் ஓர் இனம். ‘ஒரே ஒரு சின்ன கேள்வி’ இனம்.

உங்களுக்கு இந்த இனத்தைத் தெரியும். வேலூரில் கூட்டம் கூட்டமாகத் திரியும். ராணிப்பேட்டையில் உண்டு, திருப்பத்தூரில் உண்டு, திமிரியில்கூட ஒன்று இருப்பதாகக் கேள்வி. இது முதல் வரிசையில் உட்காராது. அங்கே உட்கார்ந்தால் எழுந்து நிற்பதைப் பின்னால் இருப்பவர்கள் மட்டும்தான் பார்க்க முடியும். கடைசி வரிசைக்கும் போகாது. இரண்டாம் வரிசை ஓரம், மின்விசிறிக்கு நேர் கீழே. எழுத்தாளருக்கு மாலை விழும் நேரத்தில் புத்தகத்தைத் திருப்பிப் பின்னட்டையைப் படித்து முடித்திருக்கும். அவ்வளவுதான் அதன் தயாரிப்பு. பிறகு தொண்டையைக் கனைக்கும். மைக்கை நீட்டினால், “எனக்கு எதுக்குங்க மைக்கு, வேணாம்” என்று கையை ஆட்டும். வேண்டாம் என்று சொன்ன அந்தக் கைக்குள் மைக் எப்படிப் போனது என்று எவனும் பார்த்ததில்லை. போனது திரும்பி வந்ததையும் எவனும் பார்த்ததில்லை.

ஆம்பூரில் இந்த இனத்தின் தலைமகன் புகழேந்தி. மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தங்கமான மனுஷர், அதையும் சொல்லிவிட வேண்டும். யார் வீட்டுச் சாவு என்றாலும் முதல் ஆளாக நிற்பார், யார் பிள்ளைக்கு சீட்டு வேண்டும் என்றாலும் கூடவே நடப்பார். கையில் மைக் இல்லாதவரை அவரால் யாருக்கும் தீங்கு கிடையாது.

“நான் இன்னும் புஸ்தகத்தை முழுசாப் படிக்கல. எழுத்தாளர் தப்பா நெனைக்கக் கூடாது” என்றுதான் ஆரம்பிப்பார். முழுசாக என்ற சொல்லில் இருக்கும் துணிச்சலைக் கவனியுங்கள். அடுத்து தன் வேலூர்ப் படிப்பு, கம்பத்தில் ஏறிய முதல் நாள், அன்று பெய்த மழை, மழை என்றதும் பாலாறு. கடலைப் பற்றிய நாவல் என்றாலும் பாலாறு, விவாகரத்தைப் பற்றிய நாவல் என்றாலும் பாலாறு. நிஜப் பாலாற்றில் தண்ணீர் என்றைக்கோ ஒருநாள் வருகிறது. புகழேந்தியின் பாலாறு மாதம் தவறாமல் இரு கரையும் புரண்டு ஓடுகிறது. கடைசியில், “இதைப் பத்தி எழுத்தாளர் இன்னா நெனைக்கிறார்?” என்று ஒரு கேள்விக்குறியைப் போடுவார். எழுத்தாளர் என்ன நினைப்பார்? ரயிலைத்தான் நினைப்பார். சென்னையிலிருந்து வந்த ஒரு கவிஞர் மூன்று கவிதைகளோடு வந்து மூன்று கவிதைகளோடு திரும்பிப் போனார். இன்னொருவர் மரியாதையாக, “ஐயா சொன்னதே என் கருத்தும்” என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் பிரியாணிக்கு எழுந்துவிட்டார். ஒருமுறை கரண்டு போய் மைக் செத்தது. பேச்சு சாகவில்லை. மின்வாரியத்தில் இருந்த மனுஷருக்கு இருட்டு புதுசா?

இத்தனை பேசிய புகழேந்தி இத்தனை வருஷத்தில் ஜீவாவின் கடையில் ஒரு புத்தகம் வாங்கியதில்லை. அது குறைக்குள் குறை.

போன மாதம் கரும்பலகையில் ஏறிய பெயர் கெங்கம்மாள். ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்தோல், தைக்கிற பெண். முதல் கதைத் தொகுதி போட்டிருந்தார். அவரோடு ஒரே லைனில் தைக்கிற பெண்களும் பேக்கிங் பெண்களும் ஒரு வேன் பிடித்து வந்திருந்தார்கள். கெங்கம்மாள் ஜீவாவிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

“இவங்களுக்குக் கதையெல்லாம் எடுத்துப் படிக்க நேரம் ஏதுண்ணா. ஆனா கதைக்குள்ள இருக்கறது இவங்கதான். ஒரு கதை நானே படிச்சுக் காட்டிட்டா போதும். இருட்டிச்சுன்னா வேன்காரர் கெளம்பிடுவாரு.”

ஜீவா எட்டாவதோடு நின்றவன். மேடைப் பேச்சு வராது, மேடைக்காரரைத் தடுக்கவும் வராது. ஆனாலும் இந்த ஒருநாள் விடுவதில்லை என்று முடிவு கட்டினான். புகழேந்தி படியேறும்போதே மறித்துவிட்டான்.

“அண்ணே, இன்னைக்குக் கேள்வி நேரம் கெடையாது. அந்தம்மா படிக்கணும்.”

“தெரியும்பா. நான் வாயே தொறக்க மாட்டேன். போதுமா?”

அந்தப் பதிலில்தான் ஜீவாவுக்கு பயம் ஜாஸ்தியானது. அதனால் ஒரு யோசனை செய்தான். கைக்கு வேலை கொடுத்தால் வாய் சும்மா இருக்கும் என்று கணக்குப் போட்டு, எழுத்தாளருக்குச் சால்வை போர்த்தும் பொறுப்பைப் புகழேந்தியிடம் கொடுத்தான்.

தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்தவன் செய்கிற வேலையா இது? சால்வை போர்த்தியவரை இரண்டு வார்த்தை பேசாமல் கீழே இறக்கிய கூட்டம் இந்த மண்ணில் நடந்திருக்கிறதா?

சால்வை கெங்கம்மாளின் தோளைத் தொட்டது. புகழேந்தி திரும்பினார். “மைக்கு வேணாம்” என்றார். மைக் அவர் கையில் இருந்தது.

“வாய் தொறக்க மாட்டேன்னு ஜீவாகிட்ட சொல்லிட்டேன். ஆனா சால்வை போட்டுட்டு சும்மா எறங்கினா அது தங்கச்சிக்கு மரியாதை இல்ல…”

படிப்பு வந்தது. கம்பம் வந்தது. மழை வந்தது. ஜன்னலுக்கு வெளியே வெயில் மஞ்சளாகி, மஞ்சளும் கரைந்துகொண்டிருந்தது. கீழே வேன்காரர் ஒருதடவை ஹாரன் அடித்தார். கெங்கம்மாள் சால்வைக்குள் புத்தகத்தை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பக்கத்து மெஷினில் தைக்கிற மஹ்பூபி, கீழே போட்டிருந்த செருப்பைக் காலாலேயே தேடிக்கொண்டு முணுமுணுத்தாள்.

“இன்னாடி இது பேஜார். கரண்டு ஆபீஸ் கதை கேக்கவா வேன் வெச்சு வந்தோம்?”

பாலாறு வாணியம்பாடியைத் தாண்டி ஆம்பூரை நெருங்கும் சமயம், தெருமுனைப் பள்ளிவாசலில் பாங்கு எழுந்தது.

அந்தத் தெருவில் ஒரு வழக்கம். பாங்கு சொல்லும்போது கல்யாண வீடோ கட்சிக் கூட்டமோ, மைக்கை அணைத்துவிடுவார்கள். யாரும் சொல்லி வைத்ததில்லை, யாரும் மீறியதும் இல்லை. ஜீவா சுவிட்சை அணைத்தான். இந்த விஷயத்தில் புகழேந்தியைப் போல ஒழுங்கானவர் கிடையாது. சொல்லிக்கொண்டிருந்த வாக்கியத்தின் நடுவிலேயே நின்று, இரண்டு கையாலும் மைக்கைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்தார். மஹ்பூபி முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள்.

பாங்கு முடிந்தது. புகழேந்தி தலை நிமிர்ந்தார். கீழே ஹாரன் விடாமல் அடித்தது. ஜீவாவின் விரல் சுவிட்சின் மேல் இருந்தது. மரியாதைக்குப் போட வேண்டும். போடவில்லை. தன் விரலா இப்படி என்று அவனே அதை ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“கெங்கு, மெஷின் ஓடறப்போ கத்துவியே, அப்பிடிப் படிடி” என்றாள் மஹ்பூபி.

கெங்கம்மாள் எழுந்து, நின்ற இடத்திலேயே படிக்க ஆரம்பித்தார். ஒரு ஹால் நிறைய மெஷின் ஓடும்போது அடுத்த வரிசைக்குச் சேதி சொல்லிப் பழகிய தொண்டை. கீழே சோல் கடைக்காரர் அண்ணாந்து பார்த்திருப்பார். ஹாரன் நின்றுவிட்டது.

கதை இதுதான். பேக்கிங்கில் ஒருத்தி ஒரு டப்பாவில் இரண்டும் இடது காலாக வைத்து அனுப்பிவிடுகிறாள். கப்பல் ஏறிய பிறகுதான் தெரிகிறது. வெளிநாட்டில் அதைத் திறக்கப்போகிறவன் முகத்தைத் தினமும் நினைத்துப் பார்க்கிறாள். முதலில் திட்டுகிற முகம், பிறகு சிரிக்கிற முகம், பிறகு வலது கால் இல்லாத ஒருவனின் முகம். பாதியில் பெண்கள் வாய்விட்டுச் சிரித்து ஒருத்தியின் தோளில் தட்டினார்கள். அவள் புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். முடிவில் யாரும் சிரிக்கவில்லை. தட்டியவர்களில் ஒருத்தியே அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

புகழேந்தி உட்காரவும் தெரியாமல், இறங்கவும் தெரியாமல், செத்த மைக்கைப் பிடித்தபடி கதை முழுக்க நின்றே இருந்தார். பெண்கள் செருப்பு மாட்டிக்கொண்டு இறங்கும்போது கெங்கம்மாளைப் பார்த்து வாயைத் திறந்தார். ஜீவா கண்ணை மூடிக்கொண்டான்.

“ஏம்மா, அந்த டப்பா கடைசியில யார் கைக்குப் போச்சு?”

அவ்வளவுதான். கம்பம் இல்லை, மழை இல்லை.

“தெரியலியேண்ணா. தெரிஞ்சிருந்தா எழுதியிருக்கவே மாட்டேன்.”

நீங்கள் இந்நேரம் சிரித்து முடித்து, நல்லவேளை, நாம் இந்த இனத்தில் இல்லை என்று நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். இருக்கட்டும். நடுவில் எங்கேயோ, ‘கேலியெல்லாம் சரிதான், ஆனால் எங்கள் ஊர்ப் பக்கம் ஒருதடவை…’ என்று உங்களுக்கு ஒன்று தோன்றியிருக்குமே. அந்த ‘ஆனால்’ இருக்கிறதே, அதற்குப் பெயர்தான் தொண்டைக் கனைப்பு. பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜீவாவின் குறை அன்றோடு தீர்ந்ததா என்று கேட்கிறீர்களா? வேன் போனதும் அவன் கரும்பலகையைத் துடைத்துவிட்டு அடுத்த மாதம் வருகிறவர் பெயரை எழுதிக்கொண்டிருந்தான். புகழேந்தி மெதுவாகப் படியிறங்கி வந்து பக்கத்தில் நின்றார். முகத்தில் இதுவரை பார்க்காத ஒரு தெளிவு.

“ஜீவா, இவரு புஸ்தகத்துல ஒண்ணு எனக்கு எடுத்து வைப்பா. இனிமே படிச்சுட்டே வர்றேன். இத்தினி நாளும் படிக்காததாலதான் சுருக்கமா முடிச்சுட்டேன்.”