ஓவல் மேசை

சாப்பாட்டு மேசையின் ஒரு முனை அகன்றிருந்தது, மறுமுனை ஒடுங்கியிருந்தது.

"என்னங்க இது? ஓவல்தானே கேட்டேன்?"

அகராதி அலுவலகத்தில் வேலை பார்க்கும் கணவர், தச்சுப் பட்டறை நடுவில் நின்று பதறினார். நாளை அவருடைய கல்யாண நாள். ஓவல் மேசை மனைவியின் பத்து வருட ஆசை. ஆனால் ஆறு பேர் உட்காரும் அளவு என்பது மட்டும் இவருடைய முடிவு.

"நீங்க சொன்னதுதான் சார்," என்றார் தச்சர்.

"நான் என்ன சொன்னேன்? ஓவல்ங்கிறது லத்தீன்ல முட்டைங்கிற சொல்லுலேர்ந்து வந்தது, ஆரம்பத்துல அசல் முட்டை மாதிரி இருந்தாதான் ஓவல்னாங்க, போகப்போக ரெண்டு முனையும் ஒரே மாதிரி இருக்கிறதையும் அப்படிச் சொல்ல ஆரம்பிச்சாங்கன்னு, அரைமணி நேரம் விளக்கினேனே!"

"ஆரம்பம் வரைக்கும்தான் சார் நான் கேட்டேன். மாதிரிக்கு முட்டை வேற கொடுத்தீங்க."

"அது எங்கே?"

"அளவெடுத்துட்டு ஆம்லெட் போட்டுட்டேன்."

கணவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "சரி, அகலமான பக்கத்தைக் கொஞ்சம் குறைங்க."

"சரி சார்."

ரம்பம் ஓடியது. இப்போது அந்தப் பக்கம் அதிகம் ஒடுங்கிவிட்டது.

"அப்போ இந்தப் பக்கம்?"

"சரி சார்."

அதையும் அறுத்ததும் நடுப்பகுதி தொப்பை மாதிரி துருத்தியது. தச்சர் அதற்கும் "சரி சார்" என்றார். கணவர் ஒரு கண்ணை மூடி, குனிந்து, நிமிர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். மேசை ஆறு பேரிலிருந்து நாலு பேருக்கு இறங்கியது.

"இடது ஓரத்துல இன்னும் ஒரு விரல் அளவு..."

"சரி சார்."

சாயங்காலம் தச்சர் ரம்பத்தைத் துடைத்து ஆணியில் மாட்டினார். "இதுக்கு மேல வேண்டாம்."

கணவர் மேசையைச் சுற்றி நாற்காலிகளைப் போட்டுப் பார்த்தார். இரண்டுக்குத்தான் இடம் இருந்தது. மூன்றாவதில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இப்ப வீட்டுல இருக்கிறது நீள மேசைங்க. ஒரு முனையில அகராதிக்குச் சொல் எழுதிவைச்ச சீட்டுக் குவியல், நான். அவ அந்தக் கோடியில. உப்பு வேணும்னாக்கூடக் கத்தித்தான் கேட்கணும். புதுசுல சீட்டுகளையும் தாராளமா பரப்பலாம்னு நினைச்சேன். இதைக் கொண்டுபோய் எப்படி அவ முன்னாடி வைப்பேன்?"

தச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு மேசை மேலிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டார்.

"உங்க வீட்டு அக்கா நேத்தே ஃபோன் பண்ணிட்டாங்க சார். 'அவர் திருத்தச் சொல்லிக்கிட்டே இருப்பார், நீங்களும் சரின்னு வெட்டிக்கிட்டே இருங்க; எங்க ரெண்டு பேருக்கு மட்டும் இடம் இருக்கிறப்ப நிறுத்திடுங்க'ன்னு."