ஓரம் அடித்த கட்டு

முன்னொரு காலத்திலே, அதாவது போன மாசத்திலே, ஒரு ஊரிலே ஒரு தையல்காரர் இருந்தார். இப்போதும் இருக்கிறார், உயிருக்கு ஒன்றுமில்லை. கல்யாணமான புதிதில் மனைவியிடம், "வெள்ளத்துலயே ஆத்தை நீந்திக் கடந்தவன் நான்" என்று அளந்துவிட்டிருந்தார். உண்மையில் வாளித் தண்ணீரைப் பார்த்தாலே அவருக்குத் தலை சுற்றும்.

பதினெட்டு வருஷம் கழித்து அந்த அம்மாள் அவரை மலையிடுக்கு ஆற்றுக்கே கூட்டி வந்துவிட்டாள். இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை. நடுவே நுரை தள்ளும் தண்ணீர். அதில் ரப்பர் படகுகள் எம்பி எம்பி விழுந்தன. கரையில் ஒரு அக்கா ஆற்று மீனைச் சுடச்சுட வறுத்துக்கொண்டிருந்தாள்.

தையல்காரர் முன்னேற்பாட்டோடுதான் வந்திருந்தார். பாறைக்குப் பின்னால் ஒதுங்கி, ஒரு சத்தம் கொடுத்துவிட்டு, முழங்காலில் கட்டோடு நொண்டிக்கொண்டு வந்தார். படகுக்குத் தப்பிக் கரையில் உட்கார்ந்து மீனை ஒரு கை பார்ப்பதாகத் திட்டம்.

"வழுக்கிடுச்சு. துண்டைக் கிழிச்சுக் கட்டிக்கிட்டேன்."

மனைவி குனிந்து கட்டின் ஓரத்தைத் தடவினாள். பொடித் தையலில் அழகாக மடித்து அடித்திருந்தது. பிசிறு தொங்கும் துணியைக் கடையை விட்டு வெளியே விடாத மனுஷர். முந்தின நாளே கட்டுக்கும் ஓரம் அடித்துவிட்டார்.

"கிழிச்ச துணி மாதிரியே இல்லைங்க."

"நம்ம கை அப்படி."

"ரொம்ப வலிக்குதா?"

"நீ சந்தோஷமாப் போய்ட்டு வா. நான் பாக்காத ஆறா?"

"அதானே. மீன் கடை அக்காகிட்ட உங்களைப் பாத்துக்கச் சொல்லிட்டுப் போறேன்."

என்ன கரிசனம் என்று அவர் உருகிப்போனார். படகு வளைவில் மறைந்தது. பதினெட்டு வருஷ மானம் தப்பியது. நேரே மீன் கடைக்குப் போனார்.

"நாலு துண்டு குடுங்கம்மா."

அவள் ஒரு பன்னை நீட்டினாள். "காயத்துக்கு மீன் ஆகாதாம். உங்க வீட்டம்மா சொல்லிட்டுப் போயிருக்காங்க."

"காயமெல்லாம் ஆறிடுச்சு." கட்டை அவிழ்த்தே காட்டிவிட்டார்.

"ஆறிட்டா மீன் தரச் சொன்னாங்க. கூடவே இதையும்." எண்ணெய் டின்னுக்கு அடியிலிருந்து ஒரு படகுச் சீட்டை எடுத்தாள். "அடுத்த படகு கால் மணி நேரத்துல. நீச்சல்ல புலியாமே நீங்க? முன்னாடியே உக்கார வைக்கணுமாம்."

தையல்காரர் சீட்டைப் பார்த்தார். மீனைப் பார்த்தார். ஆற்றை மட்டும் பார்க்கவில்லை.

"திரும்ப வலி எடுத்துடுச்சும்மா" என்று அவிழ்த்த கட்டை மறுபடி சுற்றி இறுக்கிக்கொண்டு பன்னை வாங்கினார். கால் தரையில் இருக்கிறது, அது போதும். நொண்டி நொண்டி, மீன் வாசனை எட்டாத பாறையாகப் பார்த்துப் போனார்.